மனச்சோர்வு திரும்பாமல் இருக்க எதைத் தேர்ந்தெடுப்பது: கவனப் பயிற்சியா, மாத்திரையா, பேச்சு சிகிச்சையா, நடையா?

"மைண்ட்ஃபுல்னஸ் என்ற கவனப் பயிற்சியைப் பழகினால் மனச்சோர்வு வராதா?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள்? நோய் என்று சொல்ல முடியாது, ஆனால் அடிக்கடி மனம் வாடுகிறதா? மனச்சோர்வின் நடுவில் இருக்கிறீர்களா? இல்லை, அதிலிருந்து மீண்டு வந்து, மறுபடி வந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்களா? இந்த மூன்று பேருக்கும் ஒரே பதில் கிடையாது. மாத்திரை, பேச்சு சிகிச்சை, உடற்பயிற்சி, கவனப் பயிற்சி என்று வரிசையாக வைத்து மதிப்பெண் போடும் கட்டுரைகள் ஏராளம். படிப்பவரின் நிலை என்ன என்று அவை கேட்பதில்லை. அதனால், மீண்டு வந்தவருக்குப் பொருந்தும் ஆலோசனை படுக்கையை விட்டு எழவே முடியாதவர் கையில் போய்ச் சேருகிறது. அவரும் முயன்று பார்த்துவிட்டு, "தியானம்கூட எனக்கு வரவில்லை" என்று இன்னொரு குறையைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். இந்த அநியாயத்தைத் தவிர்க்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவனப் பயிற்சிக்கு மிக உறுதியான ஆதாரம் இருப்பது, மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து, இப்போது தேறியிருப்பவர்களுக்கு. அவர்களுக்கு அது மாத்திரைக்கு ஈடாக நிற்கக்கூடிய தேர்வு. கடும் மனச்சோர்வின் நடுவில் இருப்பவர் முதலில் எடுக்க வேண்டியது வேறு. மனநிலை கொஞ்சம் தெளிந்தால் போதும் என்பவருக்குக் கவனப் பயிற்சியோ நடையோ எதுவும் சரி, தொடர்ந்து செய்யப்போவது எதுவோ அதுவே நல்லது.

மறுபடி ஏன் வருகிறது?

தேர்வுக்குள் போவதற்கு முன் இதைப் புரிந்துகொள்வது அவசியம். ஒருமுறை மனச்சோர்வு கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் மறுபடி வருகிறது. இரண்டு முறை, மூன்று முறை என்று ஆக ஆக அந்த வாய்ப்பு ஏறிக்கொண்டே போகிறது. முதல் தடவை வரும்போது பெரும்பாலும் பின்னால் ஒரு பெரிய அடி இருக்கும்: சாவு, பிரிவு, வேலை போனது, நோய். ஆனால் நான்காவது ஐந்தாவது தடவைக்கு அப்படிப்பட்ட அடி தேவைப்படுவதில்லை. ஒரு சாதாரண மந்தமான வாரமே போதும்.

இதற்கு ஜான் டீஸ்டேல் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1980களில் ஒரு விளக்கம் தந்தார். மனச்சோர்வு இருக்கும் மாதங்களில் சோகமும் "நான் எதற்கும் லாயக்கில்லை, இனி ஒன்றும் மாறாது" என்ற எண்ணங்களும் ஒன்றாகவே கிடந்து ஒட்டிக்கொள்கின்றன. நோய் போன பிறகும் அந்த ஒட்டு போவதில்லை. பிறகு எப்போதாவது எல்லோருக்கும் வருவதுபோல லேசாக மனம் வாடினாலும், அந்தப் பழைய எண்ணங்கள் கூடவே எழுந்து வந்துவிடுகின்றன. இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. 2006இல் வெளியான ஆய்வு ஒன்றில் உளவியலாளர் ஸிண்டெல் சீகலும் அவருடைய குழுவினரும், தேறியவர்களுக்குச் சோகமான இசையைக் கேட்கவைத்துத் தற்காலிகமாக மனத்தை வாடவைத்தார்கள். அந்தச் சில நிமிட வாட்டத்தில் யாருடைய எண்ணங்கள் அதிகமாகப் பழைய பாதைக்குத் திரும்பினவோ, அவர்களுக்கே அடுத்த 18 மாதங்களில் நோய் அதிகம் திரும்பியது. இன்னொன்றும் தெரிந்தது. மாத்திரையால் தேறியவர்களைவிடப் பேச்சு சிகிச்சையால் தேறியவர்களிடம் எண்ணங்களின் இந்தத் திரும்பல் குறைவாக இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது அசைபோடுதல். "எனக்கு ஏன் இப்படி ஆகிறது, என்னிடம் என்ன குறை" என்று அதையே சுற்றிச் சுற்றி யோசிப்பது. வெளியிலிருந்து பார்த்தால் தீர்வு தேடுவதுபோலத்தான் இருக்கும், உள்ளே இருப்பவருக்கும் அப்படியே தோன்றும். சூசன் நோலன் ஹோக்ஸிமா என்ற அமெரிக்க உளவியலாளர் இதை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, தற்செயலாக ஓர் அரிய வாய்ப்பு கிடைத்தது. 1989 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ பகுதியைப் பூகம்பம் உலுக்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் அவர் மனநிலை பற்றியும், மனம் வாடும்போது என்ன செய்வார்கள் என்பது பற்றியும் கேட்டு வைத்திருந்தார். பூகம்பத்துக்குப் பின் அதே மாணவர்களை மறுபடி பார்த்தபோது, முன்பே அசைபோடும் பழக்கம் உள்ளவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் அதிகமாகவும் நீடித்தும் இருந்தன. முன்பு எவ்வளவு சோர்வாக இருந்தார்கள் என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது.

கவனப் பயிற்சி கைவைப்பது இந்த இடத்தில்தான். மூச்சையோ கால் விரலையோ கவனிக்க உட்காருகிறீர்கள். மனம் ஓடிவிடுகிறது. ஓடியது தெரிந்ததும் திட்டாமல் திருப்பிக் கொண்டுவருகிறீர்கள். மறுபடி ஓடுகிறது, மறுபடி கொண்டுவருகிறீர்கள். பயிற்சி என்பது அவ்வளவுதான். மனம் ஓடாமல் நிற்க வேண்டும் என்று நினைத்து வருபவர்கள் முதல் வாரத்திலேயே ஏமாந்துபோகிறார்கள். ஓடியதைக் கண்டுபிடிக்கும் அந்தக் கணமே பயிற்சியின் பலன். நூறு முறை ஓடினால் நூறு முறை கண்டுபிடிக்கலாம். இது பழகிவிட்டால், "நான் லாயக்கில்லை" என்ற எண்ணம் வரும்போதும் "ஓ, அந்த எண்ணம் வந்திருக்கிறது" என்று சற்றுத் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. எண்ணத்தோடு வாதாட வேண்டியதில்லை, அதை விரட்டவும் வேண்டியதில்லை. அசைபோடுதல் தொடங்குவதற்கு முன்பே நூல் அறுகிறது.

மீண்டவர்களுக்கு: எண்கள் என்ன சொல்கின்றன

ஜான் கபாட் ஸின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நாள்பட்ட வலியும் நோயும் உள்ளவர்களுக்காகப் பல வாரக் கவனப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். 1990களில் சீகல், மார்க் வில்லியம்ஸ், டீஸ்டேல் மூவரும் மனச்சோர்வு திரும்பாமல் தடுக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தபோது அதைப் போய்ப் பார்த்தார்கள். அந்தப் பயிற்சியோடு பேச்சு சிகிச்சையின் சில பகுதிகளைச் சேர்த்து எம்பிசிடி என்ற முறையை உருவாக்கினார்கள். வாரம் ஒரு கூட்டம், சுமார் இரண்டு மணி நேரம், சிறு குழு, வீட்டில் ஏறத்தாழ தினமும் 40 நிமிடம் பயிற்சி, 8 வாரம். மைண்ட்ஃபுல்னஸுக்கு மனச்சோர்வில் ஆதாரம் இருக்கிறது என்று யார் சொன்னாலும், பெரும்பாலும் அவர்கள் சொல்வது இந்த முறையைத்தான். ஐந்து நிமிட ஒலிப்பதிவுக்கு அந்த ஆதாரம் தானாகப் போய்ச் சேராது.

முதல் பெரிய ஆய்வு 2000இல் வந்தது, 145 பேர். மூன்றோ அதற்கு மேலோ தடவை மனச்சோர்வு கண்டவர்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் நோய் திரும்பியது. பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர்களில் அது சுமார் 40 சதவீதம். 2004இல் டீஸ்டேலும் ஹெலன் மாவும் 75 பேரை வைத்து மறுபடி சோதித்தார்கள்: வழக்கமான கவனிப்பில் 78 சதவீதம், பயிற்சியில் 36. இரண்டு ஆய்வுகளிலும் ஒரு விசித்திரம். இரண்டே தடவை வந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை.

ஏன்? 2004 ஆய்வைத் துருவிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. எம்பிசிடி தடுத்தது, வெளியில் எந்தப் பெரிய நிகழ்வும் இல்லாமல் தானாகக் கிளம்பி வரும் மனச்சோர்வை. பெரிய இழப்புக்குப் பின்னால் வருவதை அது அவ்வளவாகத் தடுக்கவில்லை. இரண்டே தடவை வந்தவர்களுக்கு நோய் பெரும்பாலும் வாழ்க்கையின் அடிகளால் வந்தது. மூன்றுக்கு மேல் வந்தவர்களுக்கு அது உள்ளிருந்தே கிளம்பும் பழக்கமாகியிருந்தது. இந்த ஒரு தகவல் தேர்வுக்கு எத்தனையோ பொதுவான புகழுரைகளைவிடப் பயன்படும் என்பது என் எண்ணம். உங்கள் கடந்த தடவைகளை எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன நடந்தது? "ஒன்றும் நடக்கவில்லை, அப்படியே கீழே போய்விட்டேன்" என்பது திரும்பத் திரும்ப வந்தால், கவனப் பயிற்சி உங்களுக்காகவே செய்யப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் அதே திருமணமோ அதே வேலையிடமோ காரணமாக இருந்தால், முதலில் மாற வேண்டியது அங்கே இருக்கிறது.

பிறகு வந்த ஆய்வுகள் அந்த முதல் உற்சாகத்தைக் கொஞ்சம் இறக்கின, ஆனால் கவிழ்த்துவிடவில்லை. 2016இல் வில்லம் குய்க்கன் தலைமையில் 9 ஆய்வுகளின் 1,258 பேருடைய தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 60 வாரத்துக்குள் நோய் திரும்பியவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 38 சதவீதம், பெறாதவர்களில் 49 சதவீதம். இன்னும் மிச்ச அறிகுறிகள் ஒட்டிக்கொண்டிருப்பவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. சிறு வயதில் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களிடமும் இது நன்றாக வேலை செய்கிறது என்று வேறு சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வழக்கமாக யாருக்கு எதுவும் எளிதில் பலிக்காது என்று சொல்வார்களோ, அவர்களுக்கே இது அதிகம் உதவுகிறது என்பது எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் செய்தி.

மாத்திரையோடு வைத்துப் பார்த்தால்

மாத்திரையைக் குறைத்துப் பேசும் பழக்கம் கவனப் பயிற்சியை விரும்புபவர்களிடம் இருக்கிறது. அது தவறு, சில நேரம் ஆபத்தும்கூட. தேறிய பிறகும் மாத்திரையைத் தொடர்வது நோய் திரும்புவதைத் தெளிவாகக் குறைக்கிறது. 2003இல் 31 ஆய்வுகளைத் தொகுத்தபோது, வெற்று மாத்திரைக்கு மாறியவர்களில் 41 சதவீதம் பேருக்கும் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. 2021இல் பிரிட்டனில் 478 பேரிடம் நடந்த ஆய்வில், பல காலமாக மாத்திரை எடுத்து நன்றாக இருந்தவர்களில் நிறுத்தியவர்களில் 56 சதவீதம், தொடர்ந்தவர்களில் 39 சதவீதம். அதாவது தொடர்ந்தாலும் முழுக் காப்பு இல்லை. நிறுத்தினாலும் எல்லோருக்கும் திரும்பிவிடுவதில்லை.

நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. மூன்றோ அதற்கு மேலோ தடவை மனச்சோர்வு கண்ட 424 பேர். ஒரு பாதிப் பேர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள், மறுபாதி 8 வாரப் பயிற்சி பெற்று, மருத்துவரின் துணையோடு மாத்திரையைக் குறைத்துக்கொண்டு போனார்கள். இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பியது மாத்திரைக் குழுவில் 47 சதவீதம், பயிற்சிக் குழுவில் 44. கிட்டத்தட்ட சமம். பயிற்சி மாத்திரையை வென்றுவிடும் என்று எதிர்பார்த்து நடத்திய ஆய்வு, வெல்லவில்லை. ஆனால் மாத்திரையைத் தொடர விரும்பாதவருக்கு அந்தச் "சமம்" என்ற சொல் எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். எடை ஏறுவது, பாலுறவில் ஆர்வம் குறைவது, உணர்வெல்லாம் மழுங்கிப்போனது போன்ற நிலை, கர்ப்பத்துக்கான திட்டம் என்று எத்தனையோ நியாயமான காரணங்களால் மாத்திரையை விட நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இனி "தொடர்ந்தே ஆக வேண்டும்" என்பது ஒன்றே பதிலாக இருக்க வேண்டியதில்லை.

அதேபோல், மாத்திரை ஒத்துப்போகிறவருக்கு அதை விட்டுவிட்டுத் தினமும் 40 நிமிடம் உட்காரச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. காலையில் ஒரு மாத்திரை போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பது எந்த விதத்திலும் தாழ்ந்த வழி ஆகாது. சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு இரண்டு வேலை பார்ப்பவருக்கு அந்த 40 நிமிடம் எங்கிருந்து வரும்? பயிற்சி செய்யாவிட்டால் பலனும் குறைகிறது. வாரத்தில் குறைந்தது 3 நாள் முறையாக வீட்டில் பயிற்சி செய்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதிதான் என்று ஓர் ஆய்வு கண்டது. தன்னால் முடியுமா என்பதை நேர்மையாக எடைபோட்ட பிறகு தேர்ந்தெடுப்பது நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பயிற்சியில் சேர்ந்த உற்சாகத்தில் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. தலைசுற்றல், தூக்கக் கேடு, எரிச்சல், உடலில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் திடீர் நிறுத்தத்தால் வரக்கூடியவை. அவற்றை நோய் திரும்பியதாக நினைத்துப் பயப்படுபவர்களும் உண்டு. அந்த 424 பேர் ஆய்விலும் முதலில் பயிற்சி, பிறகு படிப்படியாக, மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது குறைப்பு என்ற வரிசையில்தான் போனார்கள்.

பேச்சு சிகிச்சையோடு வைத்துப் பார்த்தால்

ஏரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960களில் தொடங்கிவைத்த சிபிடி என்ற பேச்சு சிகிச்சை எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. "எல்லோரும் என்னை வெறுக்கிறார்கள்" என்று தோன்றினால் அதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது என்று தாளில் எழுதுவீர்கள். கவனப் பயிற்சி அந்த எண்ணத்தின் உள்ளடக்கத்துக்குள் போவதே இல்லை. வந்ததைப் பார்த்துவிட்டு மூச்சுக்குத் திரும்பச் சொல்கிறது. அணுகுமுறை வேறு என்றாலும் நோய் திரும்பாமல் தடுப்பதில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கின்றன. 2018இல் 166 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில் இரு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை. எந்தக் குழுவாக இருந்தாலும், எண்ணங்களிலிருந்து தள்ளி நின்று பார்க்கும் திறன் வளர்ந்தவர்களே காப்பாற்றப்பட்டார்கள். சோக இசை ஆய்வில் பேச்சு சிகிச்சை பெற்றவர்கள் மேலாக நின்றதற்கும் இது பொருந்துகிறது.

ஆனால் சிபிடிக்குக் கவனப் பயிற்சிக்கு இல்லாத ஒரு வலு உண்டு. அது நோய் இருக்கும்போதே நோயைக் குணப்படுத்துகிறது, போகும்போது காப்பையும் விட்டுவிட்டுப் போகிறது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், நடுத்தரம் முதல் கடும் மனச்சோர்வு வரை இருந்து தேறியவர்களை ஓராண்டு கவனித்தார்கள். சிபிடியால் தேறிச் சிகிச்சையை முடித்துக்கொண்டவர்களில் 31 சதவீதம் பேருக்கும், மாத்திரையால் தேறி அதை நிறுத்தியவர்களில் 76 சதவீதம் பேருக்கும், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. இன்னும் நோயிலேயே இருப்பவர், நல்ல சிகிச்சையாளர் கிடைக்கக்கூடியவர், யோசித்து எழுதிப் பார்ப்பதில் நாட்டம் உள்ளவர் என்றால் நான் சிபிடி பக்கம்தான் கைகாட்டுவேன். ஏற்கெனவே சிபிடி எடுத்து, எண்ணங்களோடு வாதாடி வாதாடி அதுவே இன்னொரு வகை அசைபோடுதலாக மாறிவிட்டது என்று உணர்கிறவர் இருந்தால், அவருக்குக் கவனப் பயிற்சி.

இப்போது நோயின் நடுவில் இருப்பவருக்கு

வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுகிறவருக்கு நீச்சல் வகுப்பு எடுக்க முடியாது. கடும் மனச்சோர்வில் கவனமே நிற்பதில்லை, ஒரு பக்கம் படிக்க முடிவதில்லை. கண்ணை மூடி உட்கார்ந்தால் அசைபோடுதலுக்கு நாம் தனி நேரம் ஒதுக்கிக் கொடுத்ததுபோல ஆகிவிடும். நோயின் நடுவில் இருப்பவர்களிடமும் எம்பிசிடியைச் சோதித்திருக்கிறார்கள். மருந்துக்குச் சரிவர மசியாத 173 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. ஆனால் முழுமையாகத் தேறியவர்கள் எண்ணிக்கையில், உடற்பயிற்சியும் உணவுப் பழக்கமும் கற்றுத்தந்த ஒப்பீட்டுக் குழுவோடு உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. மருந்தோடு சேர்த்து, நல்ல ஆசிரியரின் கவனிப்பில் என்றால் சரி. தனியாக, அதுவே சிகிச்சை என்று என்றால் வேண்டாம்.

இந்த நிலைக்கு மாத்திரையும் சிபிடியும் இருக்கின்றன, அவற்றோடு அதிகம் பேசப்படாத ஒன்றும் இருக்கிறது. நாளின் சின்னச் சின்னச் செயல்களைத் திட்டமிட்டு, மனம் வராவிட்டாலும் செய்து, எது மனநிலையை எவ்வளவு நகர்த்துகிறது என்று குறித்துக்கொண்டு போகும் செயலூக்கச் சிகிச்சை. "மனம் சரியானால் செய்கிறேன்" என்பதைத் தலைகீழாக்கி, செய்தால் மனம் பின்னால் வரும் என்ற கணக்கில் போவது. 2016இல் இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்த ஆய்வில், இதை நீண்ட பயிற்சி பெறாத இளநிலை மனநலப் பணியாளர்கள் கொடுத்தபோதும், தேர்ந்த சிகிச்சையாளர்கள் கொடுத்த சிபிடிக்கு இது குறைந்துபோகவில்லை. செலவும் குறைவு. உடம்பு இழுத்துப் போட்டதுபோல இருக்கும் மனச்சோர்வுக்கு, உட்கார்ந்து கவனிப்பதைவிட எழுந்து நகர்வது பொருத்தம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மனநிலை மட்டும் தெளிய வேண்டும் என்றால்

நோய் இல்லாதவர்களுக்கான பகுதி சிறியதுதான். மனம் அலைவதற்கும் மனநிலைக்கும் தொடர்பு உண்டு. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் 2,250 பேரைக் கைப்பேசி மூலம் நாளின் பல நேரங்களில் கேட்டபோது, விழித்திருக்கும் நேரத்தில் 47 சதவீதம் அளவுக்கு மனம் செய்யும் வேலையில் இல்லை. அலையும்போது அவர்கள் மகிழ்ச்சி குறைந்தே இருந்தார்கள். எனவே கவனப் பயிற்சியால் மனநிலை சற்று மேம்படுவதில் வியப்பில்லை. 2014இல் 47 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் பதற்றத்திலும் சோர்விலும் மிதமான முன்னேற்றம் இருப்பதாகக் கண்டார்கள். ஆனால் உடற்பயிற்சி, மருந்து, மற்ற சிகிச்சைகள் எதையும்விட அது மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அதனால் இங்கே நடையும் ஓட்டமும் முழு உரிமையோடு போட்டியில் இருக்கின்றன. 1999இல் 50 வயதுக்கு மேற்பட்ட, மனச்சோர்வு உள்ள 156 பேரிடம் நடந்த ஆய்வில், வாரம் மூன்று முறை உடற்பயிற்சி செய்தவர்கள் 16 வார முடிவில் மாத்திரை எடுத்தவர்களுக்கு நிகராக வந்தார்கள். மாத்திரை வேகமாக வேலை செய்தது, அவ்வளவுதான். உட்கார்ந்தால் எரிச்சல் வருகிறது என்பவர் நடக்கலாம். மூட்டு வலியால் நடக்க முடியாதவர் உட்காரலாம். இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

பிள்ளைகளுக்குப் பள்ளியில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொடுத்தால் பிற்காலத்தில் மனச்சோர்வு வராது என்ற ஆசை பலருக்கு உண்டு. பிரிட்டனில் 8,000க்கு மேற்பட்ட மாணவர்களிடம் நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வு அந்த ஆசைக்கு ஆதரவு தரவில்லை. வழக்கமான வகுப்பைவிட எந்தக் கூடுதல் பலனும் இல்லை. ஏற்கெனவே மனநலச் சிக்கல் இருந்த பிள்ளைகளிடம் பாதகமான சில குறிப்புகள்கூடத் தெரிந்தன. கேட்காதவருக்குக் கட்டாயமாகக் கொடுப்பது இதில் பலிப்பதில்லை.

யார் தள்ளிப்போட வேண்டும்

தியானத்தால் கெடுதலே வராது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். 2020இல் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சுமார் 8 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பாதகமான அனுபவம் நேர்ந்திருந்தது. பதற்றமும் சோர்வும்தான் அதிகம். இது பேச்சு சிகிச்சைகளில் காணப்படும் அளவுக்கு நெருக்கமானதுதான், பயந்து ஓட வேண்டிய எண் இல்லை. என்றாலும் கடும் அதிர்ச்சி அனுபவம் உள்ளவருக்கு, கண்ணை மூடி உடலைக் கவனிப்பதே பழைய நினைவுகளைக் கிளப்பிவிடலாம். மனப்பிறழ்வு வந்திருந்தவர்கள், தற்கொலை எண்ணம் இப்போது இருப்பவர்கள், சமீபத்தில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள் மருத்துவரிடம் பேசாமல் தொடங்கக் கூடாது. பத்து நாள் மௌன முகாம்களை மனச்சோர்வு வரலாறு உள்ளவர்களுக்கு முதல் படியாக நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். கண்ணைத் திறந்தபடி, குறைந்த நேரம், மூச்சுக்குப் பதில் வெளியே கேட்கும் ஒலிகளைக் கவனிப்பது என்று மாற்றிக்கொள்ள வழிகள் உண்டு. நல்ல ஆசிரியருக்கு அவை தெரிந்திருக்கும்.

அப்புறம், செயலியா குழுவா என்ற கேள்வி. குழுவுக்கான ஆதாரம் வலுவானது. குழு கிடைக்காதபோது புத்தகத்தை வைத்துப் பழகுவதும் வீண் இல்லை, ஆனால் துணைக்கு ஒருவர் வேண்டும். 2023இல் மிதமான மனச்சோர்வு உள்ள 410 பேரிடம் நடந்த ஆய்வில், சிகிச்சையாளர் ஒருவரின் சில துணை அமர்வுகளோடு எம்பிசிடி சுயஉதவிப் புத்தகத்தைப் பின்பற்றியவர்கள், அதேபோலத் துணையோடு சிபிடி புத்தகத்தைப் பின்பற்றியவர்களைவிடக் கூடுதலாகத் தேறினார்கள். செயலியைத் தேர்ந்தெடுத்தாலும் வாரம் ஒருமுறை அதைப் பற்றிப் பேச ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

குழுவில் சேரும் முன் ஆசிரியரிடம் இவற்றைக் கேளுங்கள்: மனச்சோர்வு உள்ளவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா? தொடங்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவீர்களா? நடுவில் என் நிலை மோசமானால் என்ன செய்வீர்கள்? மாத்திரை பற்றி உங்கள் கருத்து என்ன? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் நிறுத்திவிடலாம்" என்று ஒருவர் சொன்னால், அந்த வகுப்பை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் தொடங்கும் நாளிலேயே உங்கள் அளவைக் குறித்துக்கொள்வது நல்லது. பிஎச்கியூ 9 என்ற கேள்வித்தாள் மருத்துவர்கள் உலகெங்கும் பயன்படுத்துவது. 9 கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை, மொத்தம் 0 முதல் 27 வரை. 10 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய அளவு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பி வாருங்கள். 5 புள்ளி குறைந்தால் உண்மையான முன்னேற்றம் என்று கொள்ளலாம். 8 வாரம் ஒழுங்காகச் செய்தும் எண் அசையவில்லை என்றால், உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாமல் அடுத்த வழிக்குப் போங்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வருகிறதா என்பது. மொத்த எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ஒரு கேள்விக்கு விடை பூஜ்யமாக இல்லை என்றால், அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.